52 சிசி பெட்ரோல் குழி மிஷின்: வாங்கலாம், முதலில் கிளட்சைப் பாருங்கள்

குழி தோண்டும் மிஷினைப் பற்றி விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை குழி போடும் என்பதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி ஒன்று உண்டு. பிட், அதாவது மண்ணைத் துளைக்கிற திருகு, ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டிச் சட்டென்று நின்றுவிட்டால், அதைப் பிடித்திருக்கிற ஆளின் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் என்ன ஆகும்? கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். வீடியோ போடுகிறவர்கள் நல்ல பதத்தில் இருக்கிற செம்மண்ணில் நாலு குழி போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெட்டிக்குள் வருகிற கையேட்டில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், அதுவும் இங்கிலீஷில். அதனால் மிஷின் எப்படி உழைக்கிறது என்பதோடு, அதை ஆபத்தில்லாமல் எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே ஆள் பிடித்து ஓட்டுகிற 52 சிசி டூ ஸ்ட்ரோக் மிஷின், 8 அங்குல பிட்டோடு சேர்த்துப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வாங்கியது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் வருகிறவை பெரும்பாலும் ஒரே மாதிரி சீன இன்ஜின்கள்தான், பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் மாறும், ஆகவே இங்கே சொல்வது அவற்றில் அநேகத்துக்கும் பொருந்தும். வாங்கும்போது இன்ஜினில் அடித்திருக்கிற மாடல் எண்ணைப் பாருங்கள். 1ஈ44எஃப் என்று இருந்தால் அந்த 44 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் உள்விட்டம். இந்த இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் வழக்கமாக 34 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 51.7 சிசி வரும், அதைத்தான் 52 என்கிறார்கள். அதே 44 போட்ட இன்ஜினின் மேல் 63 சிசி, 68 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கூட இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் தோட்டம் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம். மேலே செம்மண், பல இடங்களில் கொஞ்சம் இறங்கினாலே செம்புறாங்கல். பழைய தைலமரக் கட்டைகளின் வேர் ஒரு பக்கம், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னைகளின் தூர் இன்னொரு பக்கம் என்று மண்ணுக்குள் எதிர்பாராத சாமான் நிறையக் கிடக்கும். மிஷினைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

முதலில் எதற்கு உதவும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலிக்குக் கல்கால் நடுவதற்கு இது பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8 அங்குல அகலத்தில் இரண்டடி ஆழம் என்பது இந்த மிஷினுக்கென்றே அளந்த வேலை. கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தோண்டினால் வாய் அகன்று மண் தளர்ந்துபோகும், அப்புறம் கல்லைச் சுற்றி எவ்வளவு கெட்டித்தாலும் ஆடும். மிஷின் போட்ட குழியில் சுற்றுமண் கலையாமல் இருப்பதால் கால் அசையாமல் நிற்கிறது. மலைவேம்பு, தேக்கு மாதிரி சின்னக் கன்றுகளுக்கும் சரி. வாழை, முருங்கை என்றால் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற அளவு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. இந்த மிஷினில் 12 அங்குல பிட் மாட்டினாலும் ஒரு அடி அகலம்தான் கிடைக்கும், மீதியை மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும், ஆனாலும் பாதி வேலை மிச்சம். தென்னைக்கு மட்டும் இதை நம்பி வாங்காதீர்கள். மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி என்றால் 27 கன அடி மண். 12 அங்குல பிட்டை முழுக்க இறக்கினாலும் வெளியே வருவது சுமார் இரண்டு கன அடி. அதற்கு டிராக்டரோ ஜேசிபியோதான்.

பெரிய பிட் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 12 அங்குல பிட் 8 அங்குல பிட்டைப் போல இரண்டேகால் மடங்கு மண்ணை வெட்டித் தூக்க வேண்டும், இன்ஜின் அதே இன்ஜின்தான். மெல்லிய மண்ணில் இழுக்கும். கொஞ்சம் இறுகிய மண் என்றால் திணறி, இன்ஜினையும் பிட்டையும் இணைக்கிற கிளட்ச் வழுக்கி, தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வந்தால் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தாமல் மிஷினை மேலே தூக்குங்கள், ஏனென்றால் கிளட்ச் கட்டை தேய்வது அந்த சில நொடிகளில்தான்.

செம்புறாங்கல்லில் இது வேலை செய்யாது. பிட் முனை மேலேயே சுற்றிச் சிவப்புத் தூள் கிளப்பும், கீழே இறங்காது, ஆள் தன் எடையை மிஷின் மேல் போட்டு அழுத்தத் தொடங்குவார், அப்போதுதான் ஏதாவது ஒரு வெடிப்பில் பிட் கடித்து மிஷின் சுழலும். கல் தட்டினால் எடுத்துவிட்டுக் கடப்பாரையால் அந்தப் பாறையை உடைத்துக்கொண்டு மறுபடி மிஷினை விடுவது ஒன்றுதான் வழி. மண் காய்ந்து கிடந்தால் முதல் நாள் சாயங்காலம் குழி போடுகிற இடத்தில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும், காலையில் பதமாக இருக்கும்.

சரி, பிட் மாட்டிக்கொள்கிற விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். கியர்பாக்ஸ் அதை இருநூறு, முந்நூறு சுற்றுக்கு இறக்கி பிட்டுக்குக் கொடுக்கிறது. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு திருகு விசை கூடும். மண்ணில் ஓடும்போது அது உங்களுக்குத் தெரியாது, மண் வாங்கிக்கொள்கிறது. பிட் ஒரு தைலமர வேரில் மாட்டி நின்ற அந்த நொடியில் அவ்வளவு விசையும் திரும்பி மிஷினின் உடம்புக்கு வரும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றுகிற பக்கம் சுற்றுகிறது, ஆகவே மிஷின் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும்: வலது கைப்பிடி உங்கள் கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போகும், இடது கைப்பிடி உங்கள் வயிற்றை நோக்கி வரும். எந்தப் பக்கம் உதைக்கும் என்று முன்னாலேயே தெரிவதால் அதற்குத் தகுந்த மாதிரி நிற்கலாம். கால் இரண்டையும் அகட்டி, மிஷினை உடம்பை ஒட்டி வைத்து, இடது பக்கக் கைப்பிடிச் சட்டத்தை இடது தொடையோடோ இடுப்போடோ முதலிலேயே அணைத்துக்கொள்ள வேண்டும். அப்படி அணைத்திருந்தால் அது வேகம் பிடித்து வந்து இடிக்க இடமே இருக்காது. கையை நீட்டி எட்டிப் பிடித்தபடி ஓட்டினால் மணிக்கட்டு திருகும், சில நேரம் ஆளே சுழன்று விழுவார். ஒற்றைக் கையால் பிடிப்பது, சரிவில் மேட்டுப் பக்கம் ஒரு கால், பள்ளத்தில் ஒரு கால் என்று நிற்பது எல்லாம் கூடவே கூடாது.

ஒரே மூச்சில் இரண்டடி இறக்குவதும் ஆபத்துதான். அரை அடி இறங்கியதும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே தூக்கி மண்ணைக் கொட்டவிட்டு மறுபடி இறக்க வேண்டும். முழுக்க இறக்கினால் மேலே உள்ள மண் பிட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த விலை மிஷின்களில் ரிவர்ஸ் கியர் கிடையாது. மாட்டிக்கொண்டால் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், பிளக் வயரைக் கழற்றுங்கள், பிறகு மிஷினோடு சேர்த்து இடப்பக்கமாகத் திருகினால் திருகாணி கழல்வது போல பிட் மேலே ஏறும். அசையாவிட்டால் பிட்டை மிஷினோடு சேர்க்கிற பின்னைக் கழற்றி மிஷினைத் தனியே எடுத்துவிட்டு பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்புங்கள். இன்ஜின் ஓட ஓட இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடுங்குவதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதே பயமாக இருக்கிறது.

விலை கூடிய மிஷினில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: ஸ்டில் கம்பெனியின் பிடி 131 என்ற மாடலை எடுத்துக்கொண்டால் அது வெறும் 36.3 சிசி, எடை பிட் இல்லாமல் பத்து கிலோ. சிசி குறைவு, காசு பல மடங்கு. காசு எங்கே போகிறது என்றால், பிட் மாட்டி மிஷின் திரும்பினால் ஓட்டுகிறவர் தொடையில் ஒரு லீவர் பட்டு உடனே பிட்டுக்குப் பிரேக் விழுகிற அமைப்பு அதில் இருக்கிறது. தினமும் கூலிக்குக் குழி போடுகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். வருஷத்துக்குச் சில நாள் சொந்தத் தோட்டத்தில் ஓட்டுகிற என் போன்றவர்களுக்கு அந்த விலை கட்டாது, அப்படியானால் பிரேக் செய்கிற வேலையை நம் நிற்கிற முறைதான் செய்ய வேண்டும்.

கிளட்ச் விஷயம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓட, பிட் நின்றுவிட வேண்டும். எனக்கு வந்த மிஷினில் பிட் நிற்கவில்லை, ஐடிலிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் கேட்டதற்கு ஓட ஓட சரியாகிவிடும் என்றார்கள். ஆகாது. ஐடில் வேகம் கூடுதலாக வைத்திருந்தால் கார்ப்பரேட்டரில் உள்ள ஐடில் ஸ்குருவை இடப்பக்கம் மெல்லத் திருப்பிக் குறைக்கலாம், அதற்கும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கிறது என்று அர்த்தம். என் மிஷினை எங்கள் ஊர் மருந்து ஸ்பிரேயர் மெக்கானிக் அண்ணன்தான் பார்த்தார், ஸ்குருவிலேயே தீர்ந்தது. அவர் சொன்ன ஒன்றை எல்லாருக்கும் சொல்கிறேன்: "தம்பி, கைய விட்டா நிக்காத மிஷின எவன் கையிலயும் குடுக்காத." சிசி, பிட் அளவு, ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம், கடையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லி இதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நிறுத்துகிற சுவிட்சும் அப்படியே. கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், அமுக்கியதும் இன்ஜின் சாக வேண்டும்.

ஆக்ஸிலேட்டரைப் பாதியில் பூட்டி வைக்கிற சின்னப் பொத்தான் ஒன்று நிறைய மிஷினில் உண்டு. அது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும். விரல் வலிக்கிறது என்று அதைப் போட்டுக்கொண்டு குழி போட்டால், பிட் மாட்டிக் கை நழுவிய பிறகும் மிஷின் தானாகச் சுற்றும்.

உடுப்பைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. தோட்ட வேலை என்றால் லுங்கி, கழுத்தில் துண்டு, வெறுங்கால், இதுதான் நமக்கு வழக்கம். சுற்றுகிற பிட்டுக்கு ஒரு அடி தள்ளி லுங்கி நுனி ஆடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பேன்ட், இறுக்கமான சட்டை, கனமான ஷூ, கண்ணாடி. துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் மண் அள்ளுகிற பெண்கள் இருந்தால் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, மிஷின் நின்ற பிறகுதான் கிட்டே வர வேண்டும். பிட்டை ஷாஃப்டோடு சேர்க்கிற பின் தொலைந்தால் கையில் கிடைத்த நீள போல்ட்டை மாட்டுகிறார்கள், வெளியே துருத்துகிற அந்தப் போல்ட் முனைதான் துணியை முதலில் பிடிக்கும். சரியான பின் இருபது முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும். கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுகிறவர்கள் ஷூவும் காதுக்கு மஃப்பும் வாங்கிக் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கூலி ஆளின் கால் விரல் போனால் அந்த வீட்டின் வருமானமே போகிறது.

காது மஃப் ஏன் என்றால், சத்தம் நூறு டெசிபலை ஒட்டி இருக்கும், காதுக்குப் பக்கத்திலேயே. அதிர்வும் சாதாரணமில்லை. தொடர்ந்து ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும், வருஷக்கணக்கில் இப்படி வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனி வெளுத்து உணர்ச்சி குறைகிற நோயே வரும். இரண்டு ஆள் இருந்தால் கொஞ்சக் குழிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது, அந்த இடைவெளி இன்ஜினுக்கும் நல்லதுதான்.

மண்ணுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் பிட்டை வைக்காதீர்கள். சொட்டு நீர்க் குழாய், பிவிசி மெயின் லைன் உடைந்தால் செலவோடு போகும். மோட்டாருக்குப் போகிற கேபிள் என்றால் உயிர். பழைய ஆட்கள் யாராவது இருந்தால் லைன் எந்தப் பக்கமாகப் போகிறது என்று கேட்டுக் குச்சி நட்டு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஸ்டார்ட் செய்ய மிஷினைத் தரையில் படுக்க வைத்து, பிட் எதிலும் படாமல், இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். கயிற்றை கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இன்ஜின் எதிர்த்து உதைத்தால் விரலோடு இழுக்கும். குளிர்ந்திருந்தால் பிரைமர் பல்பை (பெட்ரோலை ஏற்றுகிற ரப்பர் குமிழ்) ஐந்தாறு முறை அமுக்கி, சோக் போட்டு இழுங்கள், ஒருமுறை இருமிக் காட்டியதும் சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள். சோக்கோடேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து போகும். என் மிஷின் இந்த விஷயத்தில் தொல்லை கொடுத்ததில்லை, சூடான பிறகு ஒரே இழுப்பில் வருகிறது.

பெட்ரோலில் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில், கலந்தே ஊற்ற வேண்டும், இதில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. கையேட்டில் 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவு வேண்டாம், பெட்டியோடு வருகிற அளவு பாட்டிலைப் பயன்படுத்துங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்து இன்ஜினே போய்விடும், கூடினால் புகையும் கரியும். பைக்குக்கு ஊற்றுகிற 4டி ஆயிலைக் கலக்கவே கூடாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், நாளாக நாளாக தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். கார்ப்பரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் டயாஃபிரமும் பெட்ரோல் டியூபும் கெடுவது இதனால்தான். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலப்பது எல்லாவற்றிலும் நல்லது. வேலை முடிந்து சில வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து, மீதி தீர்ந்து தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஐந்தாறு சொட்டு 2டி ஆயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்து வைத்துவிடுங்கள்.

டேங்க் தீர்ந்ததும் சூட்டோடு ஊற்றுவதுதான் அநேகமாக எல்லாரும் செய்கிற காரியம். சைலன்சர் டேங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சிந்தினால் பற்றும். பத்து நிமிஷம் ஆறவிட்டு, மிஷினை நிழலில் வைத்து ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது. மாட்டுக்கொட்டகை மாதிரி மூடின இடத்துக்குள் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிவிடும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை செம்மண் வேலையில் தினமும் தட்டி, அடைத்திருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்துத் தூளுக்கு இதைச் செய்யாவிட்டால் இன்ஜின் ஆயுள் பாதியாகிவிடும். சிலிண்டரைச் சுற்றியிருக்கிற தகடுகளின் நடுவே மண் அப்பியிருந்தால் பிரஷ் போட்டு எடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜினின் நிலவரம் தெரியும்: காபி நிறமென்றால் நல்லது, கருப்பாக ஈரமாக இருந்தால் ஆயில் கூடுதல் அல்லது ஃபில்டர் அடைப்பு, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறுகிறது. பிளக் முனையில் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். கியர்பாக்ஸுக்கு அவ்வப்போது கிரீஸ். அதிர்வில் நட்டுகள் தளரும், காலையில் ஸ்பேனரை ஒரு சுற்று காட்டிவிட்டு ஆரம்பிக்கலாம். பிட் முனையும் பல்லும் மழுங்கினால் மாற்றிவிடுங்கள், மழுங்கின பிட்டில்தான் ஆள் அழுத்த ஆரம்பிப்பார்.

குழியைப் பற்றியும் ஒன்று. ஈரக் களிமண்ணிலோ கரிசலிலோ இந்தப் பிட் சுற்றும்போது குழியின் சுவர் மொழுகின மாதிரி வழவழப்பாகிவிடும். தண்ணீர் பக்கவாட்டில் இறங்காது, கன்றின் வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே கிடக்கும். நடுவதற்கு முன் கடப்பாரை நுனியால் சுவரை நாலு பக்கமும் கீறிவிடுங்கள். அன்றே நடப்போவதில்லை என்றால் குழியை மூடி வையுங்கள், இரண்டடிக் குழியில் ஆட்டுக்குட்டி கால் உடையும், பாம்பு இறங்கிக் கிடக்கும், குழந்தைகள் ஓடி விழும்.

மொத்தத்தில் என் மிஷின் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. வேலிக்கும் சின்னக் கன்றுக்கும் யார் கேட்டாலும் வாங்கச் சொல்வேன். கைப்பிடி ரப்பர் மட்டம், ஆக்ஸிலேட்டர் வயர் மெல்லிசு, கூட வந்த பிட் பல் சாதா இரும்பு. வாங்குகிற அன்றே ஒரு பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, பின் இரண்டு, பெட்ரோல் டியூப் எல்லாம் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சாமான்கள் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும், ஆனால் வேலை நடக்கிற அன்றைக்குத்தான் கடை பூட்டியிருக்கும். ஐம்பது அறுபது குழிக்குள் முடிகிற வேலை என்றால் வாங்க வேண்டாம், நாள் வாடகைக்கே கிடைக்கிறது. வாடகை மிஷின் பல கை மாறி வந்தது என்பதால், அதிலும் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிட் நிற்கிறதா, சுவிட்சு வேலை செய்கிறதா என்று அவர்கள் வாசலிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.